அன்றைக்கு அக்கா கடை போடவில்லை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் இரண்டில் ஒன்றில்தான் போய் நிற்கிறது. ஒன்று முட்டிவலி. இன்னொன்று, சின்ன வயதில் சாப்பிட்ட கடை. நம் பள்ளிக்கூடத்துப் பெண்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறோமே, அதில் போன மாதம் முழுக்க இரண்டாவது பேச்சுதான். முத்தியால்பேட்டையில் எந்தச் சந்தில் அடை நன்றாக இருந்தது, நெல்லித்தோப்பில் யார் கடை சால்னா, பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் மீன் குழம்பு ஊற்றிய அந்த அம்மாள் இன்னும் இருக்கிறாளா, போய்விட்டாளா. நீங்கள் எழுதியதையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்தேன். நான் மட்டும் எதுவும் எழுதவில்லை.

அப்புறம் உங்களில் ஒருத்தி இப்படிப் போட்டாள்: "உப்பளத்துல ஒரு தெருமுனையில இட்லிக் கடை இருந்துச்சே, பஞ்சு மாதிரி இட்லி. ஆனா அங்க தின்னு ஒரு குழந்தை செத்துப்போச்சு. அதோட கடையும் போச்சு." அதற்குக் கீழே இரண்டு பேர், "ஆமாம், நானும் கேள்விப்பட்டிருக்கேன்" என்று எழுதியிருந்தார்கள்.

எழுதியவளை நான் குறை சொல்லவில்லை. ஊருக்குத் தெரிந்த கதை அதுதான். அந்தக் குழந்தை என் தம்பி. அவன் அங்கே தின்று சாகவில்லை. இது தெரிந்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் மூன்று பேர். அதில் நான் ஒருத்தி. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

எனக்கு அப்போது பத்து வயது. தம்பிக்கு ஐந்து. அந்த வருடம் கோடை விடுமுறை ஆரம்பித்தபோது அப்பாவுக்கு மில்லில் காலை ஷிப்டு விழுந்தது. விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார். அம்மாவுக்கு பீச் பக்கத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்த சொல்தா ஒருவரின் வீடு. அவர் மனைவியை 'மதாம்' என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மா காலை ஏழு மணிக்குப் போனால் பொழுது சாயும்போதுதான் திரும்புவாள். அப்பா வந்தபின், அம்மா வருவதற்குள் இருந்த அந்த மூன்று மணி நேரம் எங்கள் மூன்று பேருக்கும் சொந்தமானது.

அப்பா வந்ததும் தலையில் ஒட்டிய பஞ்சுத் தூசியைத் தட்டிவிட்டுக் குளிப்பார். பிறகு சைக்கிளை எடுப்பார். முன்கம்பியில் தம்பிக்காக ஒரு சின்ன மரப் பலகையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார். நான் பின்னால் கேரியரில் உட்காருவேன். எங்கே போகிறோம் என்று சொல்ல மாட்டார். வாசனை வரும்போது தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஒரு நாள் பெரிய மார்க்கெட்டின் பின்பக்கம். இரண்டு கட்டிடத்துக்கு நடுவே இருந்த நடைபாதையில் பெஞ்சு போட்டு ஒரு அம்மாள் சோறு போடுவாள். நாங்கள் போகும் நேரத்துக்குப் பானையில் அடிச்சோறுதான் இருக்கும். அதில் சங்கரா மீன் குழம்பை ஊற்றினால் சோறு சிவந்து குழைந்துவிடும். அந்தப் பக்கம் மீன் கழுவிய தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டும். இன்னொரு நாள் நெல்லித்தோப்பில் ஆட்டுக்கால் சூப்பு. தள்ளுவண்டிக்காரர் மிளகுத் தூளைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிடுவார். தம்பிக்கு மூக்கில் ஒழுகும், ஆனாலும் கோப்பையை விடமாட்டான். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சந்தில் விறகு அடுப்பு வைத்த ரொட்டிக் கடை இருந்தது. சூட்டோடு நீட்டு ரொட்டியை வாங்கிப் பக்கத்துக் கடைக் கறிக் குழம்பில் தோய்த்துத் தின்போம். ரொட்டிக்காரர் வேட்டி கட்டிய அப்பாவைப் பார்த்து, பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுவது போல "வாங்க முசியே" என்பார். அப்பா வெட்கப்படுவார். திரும்பி வரும் வழியெல்லாம் தம்பி, "முசியே, மெதுவா ஓட்டு முசியே" என்று சொல்லிக்கொண்டே வருவான்.

அப்பாவுக்கு இது வெறும் நாக்கு ருசி இல்லை என்று இப்போது நினைக்கிறேன். ஒரு தடவை அம்மாவிடம் சொன்னார். "எட்டு மணி நேரம் அந்த மிஷினு சத்தத்துல நிக்கிறேன். வெளிய ஒரு எடத்துல குந்தி, ஒருத்தன் எனக்கு எலை போட்டு, என்னா வேணும்னு கேட்டாத்தான் நானும் ஒரு ஆளுன்னு தோணுது."

அம்மாவுக்கு அது பிடிக்காது. "வூட்டுல அடுப்பு இல்லாதவங்க திங்கிற சோறு அது. புள்ளைங்களயும் பழக்குற. ஒரு நாளு எதையாச்சும் இழுத்துக்கிட்டு வரப்போவுது, பாரு" என்பாள். அப்பா சிரித்துக்கொள்வார்.

வெளியே சுற்றாத நாட்களில் எங்கள் தெருமுனை இட்லிக் கடைதான். கடை என்றால் ஒரு ஓலைச் சார்ப்பு. அதன் கீழே மண் அடுப்பு, பெரிய அலுமினிய இட்லிப் பானை, மாவுக் குண்டான். தெருக் குழாய்க்கு நேர் எதிரில். நடத்தியவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். எல்லோருக்கும் அவள் அக்கா. புருஷன் விட்டுவிட்டுப் போனவள், எட்டு வயதில் ஒரு மகள். எங்கிருந்தோ வந்து எங்கள் தெருவில் குடியேறியவள். 'எந்த ஊர்க்காரியோ' என்று தெருவில் சொல்வார்கள், ஆனால் காலையில் எல்லா வீட்டிலிருந்தும் கிண்ணம் அவளிடம்தான் போகும். சாயங்காலம் கடை முடிந்ததும் இட்லித் துணிகளை வெந்நீரில் போட்டு எடுத்துக் கொடியில் வரிசையாகக் காயவைப்பாள். எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். அம்மாவும் அதைத் தினமும் பார்த்தவள்தான்.

தம்பி இட்லியை நேராகத் தின்ன மாட்டான். நடுவில் விரலால் ஒரு குழி தோண்டி, "கெணறு" என்பான். அக்கா அந்தக் கிணற்றில் கரண்டி நுனியால் சாம்பார் விடுவாள். நிரம்பி வழிந்தால் அவனுக்கு ஒரு சிரிப்பு வரும். வேலை எவ்வளவு இருந்தாலும் அவள் அதை அவசரமாகச் செய்து நான் பார்த்ததில்லை.

சித்திரைக் கடைசியில் அடுத்த தெருவில் இரண்டு பேருக்கு வாந்தி பேதி என்று பேச்சு வந்தது. மதாம் வீட்டில் காய்ச்சாத தண்ணீரை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள் என்று அம்மா பார்த்துவைத்திருந்தாள். அன்றிலிருந்து என்னிடம், "குழாத் தண்ணிய அப்பிடியே குடிக்கக் கூடாது. ஸ்டவ்வுல வெச்சுக் கொதிக்க வுட்டு, ஆற வெச்சு, தம்பிக்குக் குடு. மறந்துடாத" என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் போவாள். நாலைந்து நாள் ஒழுங்காகச் செய்தேன்.

ஆறாம் நாள் காலையில் குழாயடிக்குப் போனேன். தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக வந்தது. சட்டி கழுவிய தண்ணீர் போல லேசாக ஒரு வாசனை. எதிரே அக்கா கடையில் ஆள் இல்லை. அடுப்பின்மேல் கோணிப்பையைப் போட்டு மூடி, அது பறக்காமல் கல் வைத்திருந்தது. காலைப் பலகாரத்துக்குக் கிண்ணத்தோடு வந்த எதிர்வீட்டுக்காரர், "இன்னிக்கு லீவு வுட்டுட்டா போல" என்று சொல்லித் திரும்பிப்போனார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே திரும்பினார்கள்.

உங்களில் ஒருத்தி எனக்கு ஒரு படக்கதைப் புத்தகம் இரவல் கொடுத்திருந்தாள். மத்தியானத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஸ்டவ் அன்று பற்றவைத்தால் புகைந்தது, பம்பு அடித்தால் மண்ணெண்ணெய் மேலே வழிந்தது. இரண்டு தடவை பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். மூலையில் உட்கார்ந்து படித்தேன். தம்பி வந்து, "தண்ணி" என்றான். குடத்திலிருந்து மொண்டு கொடுத்தேன். வெயிலில் விளையாடிவிட்டு வந்து இன்னொரு தடவை கேட்டான். இன்னொரு டம்ளர் கொடுத்தேன். நானும் அதைத்தான் குடித்தேன். எனக்கு அடுத்த நாள் லேசாக வயிற்றை வலித்தது. அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குமேல் அவனுக்கு ஆரம்பித்தது. அப்பா மில்லிலிருந்து வரும்போது நான் அவனை நாலாவது தடவையாகக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். அவன் கண் உள்ளே போயிருந்தது. அப்பா சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை. அது கீழே விழுந்து சக்கரம் சுற்றிக்கொண்டிருக்க, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினார். யாரோ போய்ச் சொல்லி அம்மா நேராக ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாள். என்னை எதிர்வீட்டில் விட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் இன்னும் நாலு வீட்டில் ஆட்கள் படுத்துவிட்டார்கள் என்று அங்கேதான் கேட்டேன். அவர்கள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தம்பியைக் கொண்டுவந்தார்கள். அம்மாவின் மடியில்தான் வந்தான். வேலைக்குக் கட்டிப்போன அதே புடவை.

வீட்டுக்குள் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அப்பா என்னைச் சமையல் மூலைக்குக் கூட்டிப்போய், என் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார். அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"தண்ணி காய்ச்சித்தானே குடுத்த?"

"ஆமா."

"அப்பறம் என்னா தின்னான்?"

அம்மா எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள். என்னையே பார்த்தாள். நான் குடத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் நினைவில் இருந்தது.

"அக்கா கடையில இட்லி."

ஏன் அதைச் சொன்னேன் என்று ஆயிரம் தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன். சுண்டல் என்றிருக்கலாம், ஐஸ் என்றிருக்கலாம். ஆனால் அந்தப் பதில் எங்கள் வீட்டில் முன்பே தயாராக இருந்தது. கடைச் சாப்பாடு ஆகாது என்று அம்மா தினமும் சொல்லிவந்தாள். நான் எடுத்துக் கொடுத்தேன். கடை மூடியிருந்தது எனக்கு ஞாபகம் இருந்ததா என்றால், இருந்தது. கோணிப்பையும் கல்லும் கண்ணில் நின்றன. பயத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பார்த்ததும் சொன்னதும் ஒன்றோடொன்று முட்டாமல் தனித்தனியாகவே கிடக்கும் போலிருக்கிறது. சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது.

அம்மா அப்பாவைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "பழக்கி வுட்டல்ல."

மத்தியானம் அவனைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். ஆண்கள் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு தெருவுக்குள் திரும்பியபோது, அக்கா கடையில் கோணிப்பையை எடுத்துவிட்டு அடுப்புச் சாம்பலை வாரிக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் இலை துடைத்துக்கொண்டிருந்தாள். சாயங்கால வியாபாரத்துக்கு ஆயத்தம். போன இடத்திலேயே மாவு அரைத்து எடுத்துக்கொண்டு அப்போதுதான் வெளியூரிலிருந்து வந்திருந்தாள் போல. எங்கள் வீட்டுச் சாவு அவள் காதுக்கு இன்னும் போயிருக்கவில்லை என்று நினைக்கிறேன். கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் பானையை உதைத்தார். பிறகு யார் யாரோ. ஓலையைப் பிடித்து இழுத்தார்கள். தட்டுகள் தெருவில் உருண்டன. அவள் ஓடிவந்து அப்பாவின் முன்னால் நின்றாள். அப்பா மாவுக் குண்டானை இரண்டு கையாலும் தூக்கியிருந்தார்.

"அண்ணே, என்னாண்ணே ஆச்சு? எதுக்குண்ணே?"

"உன் இட்லிய தின்னுட்டுத்தான்டி புள்ள போயிட்டான்" என்றார் பின்னாலிருந்த ஒருவர். "நேத்து இங்கதான் தின்னுருக்கான்."

"நேத்தா? நேத்து நான் ஊர்லயே இல்லண்ணே. சேதராப்பட்டுக்கு எங்கக்கா வூட்டுக்குப் போயிருந்தேன். கடையே போடலண்ணே. நீங்க எல்லாரும் பாத்தீங்கல்ல?"

அப்பா குண்டானைத் தூக்கியபடி அப்படியே நின்றார். கனமான குண்டான், பிடியைச் சரிசெய்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன்.

நானும் அம்மாவும் எங்கள் வாசலில் நின்றிருந்தோம். அக்கா என்னைப் பார்த்துவிட்டாள்.

"பாப்பா, நீ சொல்லு. நேத்து கடை இருந்துச்சா? நீ தண்ணி புடிக்க வருவியே, பாத்துருப்பியே. சொல்லும்மா."

தெருவே என் பக்கம் திரும்பியது. நான் அம்மாவின் புடவையில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"புள்ளைய ஏன்டி இழுக்குற?" என்றாள் அம்மா. "ஒண்ண முழுங்கினது போதாதா?"

"நேத்து இல்லன்னா முந்தாநாளு" என்றார் எதிர்வீட்டுக்காரர். அந்த முந்தாநாள் காலை கிண்ணம் நிறைய இட்லி வாங்கிப்போனவர் அவர். மறுநாள், தம்பி படுத்த அன்று, வந்து கடை இல்லை என்று பார்த்துத் திரும்பியவரும் அவர்தான்.

அப்பா குண்டானை வீசினார். அது சுவரில் பட்டு விழுந்தது. மாவு தெரு முழுக்க வெள்ளையாக ஓடி, குழாயடிச் சேற்றில் கலந்தது. அக்காவின் மகள் அழவில்லை. உருண்ட தட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மார்போடு வைத்துக்கொண்டாள். யாரோ அதையும் தட்டிவிட்டார்கள். அவள் மறுபடி குனிந்து பொறுக்கினாள்.

அந்த வாரமே ஒரு கட்டை வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு தாயும் மகளும் போய்விட்டார்கள். வண்டி எங்கள் வீட்டைத் தாண்டியபோது நான் உள்ளே இருந்தேன். சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் குழாய் வேலைக்கு ஆட்கள் வந்து தெருவைத் தோண்டினார்கள். தண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள்ளாகவே புகுந்து போயிருந்தது. ஒரு இடத்தில் விரல் நுழைகிற அளவுக்கு உடைசல். வெட்டி எடுத்த துண்டை மண்மேட்டில் போட்டார்கள். அதற்குள்ளிருந்து கறுப்பாகச் சேறு வழிந்தது. தெருவே சுற்றி நின்று பார்த்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "இருந்தாலும் அந்தக் கடையும் ஒண்ணும் அவ்வளவு சுத்தமில்ல."

ஆமாம் என்று இரண்டு பேர் தலையாட்டினார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போனோம். அதோடு அந்தக் கதை அப்படியே உறைந்துவிட்டது. நீங்கள் கேள்விப்பட்டது அதைத்தான்.

அப்பா அதன்பிறகு வெளியே சாப்பிடவில்லை. வெளியூர் போனாலும் டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு போவார். கல்யாண வீட்டில்கூட ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். முன்கம்பியில் இருந்த பலகையை எப்போது அவிழ்த்தார், எங்கே போட்டார் என்று நான் பார்க்கவில்லை. அம்மா அவரோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேச வேண்டியதை மட்டும் பேசினாள். 'சோறு வெச்சிருக்கு.' 'சீட்டுக்காரரு வந்திருக்காரு.' சாகும்வரை அப்படித்தான். தன் மகனைக் கொன்றது புருஷனின் நாக்கு என்று நம்பிக்கொண்டே போய்ச்சேர்ந்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு ஒரு வீடு திரும்பக் கிடைத்திருக்கும். பள்ளிக்கூடம் முடித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன், இரண்டு பிள்ளை பெற்றேன். சொல்லவில்லை.

அம்மா போனபிறகு அப்பா என்னோடுதான் இருந்தார். கடைசி வருடத்தில் எழுந்து நடமாட முடியவில்லை. ஒரு மத்தியானம் அவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வாயைத் துடைத்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. எந்த முன்னுரையும் இல்லாமல் சொல்லிவிட்டேன்.

"அப்பா, தம்பி அன்னிக்கு அக்கா கடையில திங்கல. நான் தண்ணி காய்ச்சல. பொய் சொல்லிட்டேன்."

அவர் மேலே ஓடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"அவ சொன்னாளே, ஊர்ல இல்லன்னு. அப்பவே."

"அப்பறம் ஏம்பா?"

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன்.

"குண்டானத் தூக்கிட்டேன்ல" என்றார். "பின்னாடி அத்தன பேரு நிக்கிறான். கீழ வெச்சா, யாரு சொன்னதுன்னு கேப்பான். உன்னத்தான் கேப்பான். உங்கம்மா அன்னிக்கு இருந்த இருப்புக்கு, உன்ன என்னா பண்ணியிருப்பாளோ. ஒண்ணு போயிடுச்சு. இருக்குற ஒண்ணயாச்சும் காப்பாத்தணும்னு தோணுச்சு."

பிறகு தானாகவே சொன்னார். "ரெட்டியார்பாளையத்துல இருக்குறா. மெயின் ரோட்டுலயே கடை. பஸ்ஸுல போவும்போது ரெண்டு மூணு தடவ பாத்தேன். எறங்கல."

என்னைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டே அவர் போனார். அவர் எடுத்த முடிவு சரியா என்று கேட்டால், அன்று என்னை நாலு அடி அடித்திருந்தால் இரண்டு குடும்பம் பிழைத்திருக்கும் என்றுதான் சொல்வேன். ஆனால் பிள்ளையைப் புதைத்துவிட்டு ஈரத்தோடு வந்து நின்ற ஆளிடம் அதை எப்படிக் கேட்பது.

அப்பா போய் ஏழு வருடமாகிறது. அந்த ஏழு வருடமும் ரெட்டியார்பாளையத்துக்கு நான் பஸ் ஏறவில்லை. பேங்குக்குப் போக வேண்டியிருந்தால்கூட ஆட்டோக்காரரிடம் வேறு வழியாகப் போகச் சொல்வேன். போன மாதம் நம் குழுவில் அந்த வரியைப் படித்த பிறகுதான், இரண்டு நாள் சரியாகத் தூங்காமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் கிளம்பினேன்.

தேட வேண்டியிருக்கவில்லை. விழுப்புரம் ரோட்டில் ஒரு மெக்கானிக் கடைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்ன இடம். நாலு ஸ்டூல். மகள்தான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். அறுபதைத் தொட்டவள், ஆனாலும் குனிகிற விதத்தில் அடையாளம் தெரிந்தது. அக்கா ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெள்ளை. கை மட்டும் வேகமாக வேலை செய்தது.

கூட்டம் குறையும்வரை காத்திருந்தேன். நாலு இட்லி வாங்கினேன். தின்ன முடியவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவள் முன்னால் போய் நின்று, எந்தத் தெரு, யார் மகள் என்று சொன்னேன். வெங்காயம் உரித்த கை நின்றது.

"பாப்பாவா" என்றாள்.

"ஆமாக்கா."

"உங்கப்பா?"

"போயிட்டாரு. அம்மாவும் போயிட்டாங்க."

தலையை ஆட்டினாள். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். தண்ணீரை, ஸ்டவ்வை, புத்தகத்தை, கோணிப்பையைப் பார்த்ததை, அப்பா கேட்டதற்கு நான் சொன்ன பதிலை. ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் நிறுத்தி, போன பிறகு தொடர்ந்தேன். மகள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு பானை மூடியைத் திறந்து வெந்த தட்டுகளை எடுக்க ஆரம்பித்தாள்.

அக்கா முழுவதையும் கேட்டாள்.

"நீதான் சொல்லியிருப்பன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். "உங்கம்மா பொடவையில மூஞ்ச மறைச்சுக்கிட்டல்ல, அப்பவே. இவளுக்கு அதோட படிப்பு போச்சு. சேதராப்பட்டுல எங்கக்கா வூட்டுல ரெண்டு வருசம் கெடந்தோம். அங்கயும் வந்து சொல்லிட்டாங்க, புள்ளைய கொன்னவ கடைன்னு. யாரும் வாங்கல. அப்பறம் செங்கல் சூளை. அப்பறம்தான் இங்க."

"என்னை மன்னிச்சிடுக்கா."

அவள் மடியிலிருந்த வெங்காயத் தோலை உதறினாள்.

"உனக்கு அப்ப என்னா வயசு?"

"பத்து."

"பத்து வயசுப் புள்ள. தம்பிக்காரன் செத்துக் கெடக்குறான். பயம். எதையோ சொல்லுச்சு. அதுக்கு உன்ன நான் ஒண்ணும் நெனைக்கல. என் பொண்ணா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருக்கும்." அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை, விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள். "அத வுடு. நீ பெரிய மனுசியாயி எத்தன வருசம் ஆவுது?"

எனக்கு அறுபத்திரண்டு வயது. அது என் முகத்திலேயே இருந்தது. அவளுக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் கேட்டுவிட்டு, கையைக் கூடையில் வைத்தபடி, நான் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.